அடுத்தவர் மனையில் கத்தரிக்காய்

அன்புள்ள ஐயா,

எங்கள் தெருவில் 20 வீடுகள். நடுவில் இரண்டு கிரவுண்டு காலி மனை. சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். உள்ளே குப்பையும் முள்செடியும்தான். மழை வந்தால் பாம்பு. அதைச் சுத்தம் செய்து எல்லோருமாகக் காய்கறி போடலாமா என்று ஐந்தாறு பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். ‘எவனோ பறித்துக்கொண்டு போக நாம் ஏன் மண்வெட்டி பிடிக்க வேண்டும்?’ என்கிறார் என் கணவர். நீங்கள் இப்படி ஒரு தோட்டம் நடத்தியதாக முன்பு எழுதியிருந்தீர்கள். எங்கிருந்து தொடங்குவது?

ஒரு வாசகி, மேடவாக்கம்

அன்புள்ள சகோதரிக்கு,

நடத்தினேன் என்பது பெரிய வார்த்தை. இரண்டரை வருடம் ஓடியது. ஒருநாள் காலையில் பார்த்தால் போர்வெல் லாரி வந்து நிற்கிறது. மனைக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது, வீடு கட்ட அவருக்கு நேரம் வந்தது, கட்டினார். தப்பு எங்களுடையது. வாய்வார்த்தையாக அனுமதி வாங்கிவிட்டு, சொந்த நிலம் மாதிரி முருங்கைப் போத்தும் நெல்லியும் நட்டோம். ஒருவர் மாங்கன்று வேறு கொண்டுவந்து வைத்தார். மாவும் நெல்லியும் காய்ப்பதற்குள் ஜேசிபி வந்துவிட்டது. முருங்கை காய்த்தது. மழைக்காலத்தில் அதிலிருந்து கம்பளிப்பூச்சி அடை அடையாகப் பக்கத்து வீட்டுச் சுவரில் ஏறியது. அந்த அம்மா ஆறு மாதம் எங்களோடு பேசவில்லை.

அதனால் முதலில் இதைச் சொல்கிறேன்: இரவல் மண்ணில் மரம் வேண்டாம். சிறுகீரை 25 நாளில் கைக்கு வரும், வெண்டை 45 நாளில் காய்க்கும். கத்தரி, தக்காளி, கொத்தவரை என்று ஆறு மாதத்துக்குள் கணக்கு முடிகிற பயிராகப் போடுங்கள்.

நியூயார்க்கில் 1973இல் லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியர் நண்பர்களோடு சேர்ந்து, பவுரி, ஹூஸ்டன் தெருக்கள் சேரும் முனையில் குப்பை மேடாகக் கிடந்த மனையைச் சுத்தம் செய்து தோட்டம் போட்டார். அடுத்த வருடம் நகராட்சியே மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அதை எழுதிக் கொடுத்தது. அதைப் பார்த்து ஊரெங்கும் நூற்றுக்கணக்கில் தோட்டங்கள் வந்தன. நிலத்தின் விலை ஏறியதும் அதே நகராட்சி 1999இல் 114 தோட்டங்களை ஏலம் விடக் கிளம்பியது. கடைசி நேரத்தில் இரண்டு அறக்கட்டளைகள் பணம் கொடுத்து வாங்கியதால் தப்பின. நமக்கு அப்படி வாங்கித்தர யாரும் வரமாட்டார்கள்.

எனவே மனைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். ‘மூன்று மாதம் முன்னால் சொல்லுங்கள், காலி செய்து தருகிறோம், நிலத்தில் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை’ என்று நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிடுங்கள். அவர் பயப்படுவது இதற்குத்தானே? குப்பையும் ஆக்கிரமிப்பும் இல்லாமல் மனையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால் பெரும்பாலும் சந்தோஷப்படுவார்.

அடுத்தது தண்ணீர். நாங்கள் ஒரு வீட்டு மோட்டாரிலிருந்து ஹோஸ் இழுத்தோம். மனிதர் தங்கமானவர், ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கோடையில் அவர் வீட்டு ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டி, ஸ்லாப் மாறி, பில் எகிறிவிட்டது. ஹோஸைச் சுருட்டி வைத்துவிட்டார். மோட்டார் யாருடையது, கரண்ட் காசு யார் தருவது, மே மாதம் எல்லோரும் ஊருக்குப் போனால் யார் ஊற்றுவது என்பதை விதை வாங்கும் முன்பே பேசிவிடுங்கள்.

உங்கள் மண்ணும் அநேகமாகச் செங்கல் தூளும் சிமெண்டுமாகத்தான் இருக்கும். கட்டடக் குப்பையை அள்ளிவிட்டு, ஒரு கோடை மழை பெய்ததும் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டு விதையுங்கள். 45 நாளில் பூக்கும்போது மண்ணோடு கொத்திப் போடுங்கள். ‘காய் எங்கே?’ என்று கேட்பவர்களுக்காக ஒரு மூலையில் நாலு பையில் கீரை இருக்கட்டும்.

சரி, உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். பறிப்பார்கள். எங்களிடம் காய் திருடியவர்களைவிடச் சாமிக்குப் பூ பறித்தவர்கள்தான் அதிகம். விடிவதற்குள் கையில் பிளாஸ்டிக் கவரோடு வந்து செம்பருத்தியை மொட்டையடித்துவிட்டுப் போவார்கள். ஓய்வுபெற்ற ஒருவரைக் கையும் பூவுமாகப் பிடித்தோம். அசடு வழிந்தார். அடுத்த வாரத்திலிருந்து காலை 5 மணித் தண்ணீர் அவர் பொறுப்பு. கடைசிவரை ஒருநாள்கூடத் தவறவில்லை. பூவையும் விடவில்லை.

ஆடிப்பட்டத்துக்கு இன்னும் எட்டு வாரம்தான் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமையே மனைக்காரருக்குப் போன் போடுங்கள்.