எண்ணிக்கை சொல்ல ஓர் ஆள்

அன்புள்ள அக்கா,

நான் சிங்கப்பூர்க்காரி. பிறந்து வளர்ந்ததெல்லாம் அங் மோ கியோவில். வேலை விஷயமாக 18 மாதத்துக்கு பெங்களூருக்கு அனுப்பியிருக்கிறார்கள், ஏழு மாதம் ஓடிவிட்டது. வீடு பெல்லந்தூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு, அலுவலகம் அவுட்டர் ரிங் ரோட்டில். வயது 34. இந்த ஏழு மாதத்தில் ஆறு கிலோ கூடி 68 ஆகிவிட்டேன். இடுப்பு வலி வேறு. போன மாத ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி) 5.9 என்று வந்தது. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு.

பக்கத்து ஜிம்மில் தனிப் பயிற்சியாளர் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். மாதம் 12 வகுப்பு, 15,000 ரூபாய். ஆறு மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 60,000, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. சிங்கப்பூரில் ஒரு மணி நேரத்துக்கே நூறு வெள்ளி (எங்கள் ஊர் டாலர்) கேட்பார்கள், அந்தக் கணக்கில் இது ஒன்றுமே இல்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. இங்கே வந்த பிறகு சமைக்க ஒருவர், பெருக்கித் துடைக்க ஒருவர், கார் ஓட்ட ஒருவர் என்று ஏற்கெனவே மூன்று பேர். அம்மாவிடம் சொன்னதற்கு, ‘ஒண்ணு ரெண்டு எண்றதுக்குமா ஆள் வைக்கப் போறே?’ என்று சிரிக்கிறார். எனக்கு ஹிந்தியும் தெரியாது, கன்னடமும் தெரியாது. தனியாகச் செய்யலாமென்றால் இரண்டே நாளில் விட்டுவிடுகிறேன். யாராவது எனக்காகக் காத்திருந்தால்தான் போவேன் போலிருக்கிறது. அலுவலகத்துக்கு வெளியே இந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. வைத்துக்கொள்ளலாமா, வேண்டாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள சிங்கப்பூர்த் தங்கைக்கு,

வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மூன்று மாதத்துக்கு மட்டும், அதுவும் மாதாமாதம் பணம் கட்டி. ஆறு மாதப் பேக்கேஜ் வேண்டாம். அவசரமென்றால் இத்தோடு நிறுத்திக்கொண்டு ஜிம்முக்குக் கிளம்பலாம், மிச்சமெல்லாம் நான் பட்ட கதை.

முதலில் அந்த வெள்ளிக் கணக்கை விடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் கொஞ்ச காலம் மண்டைக்குள் ஒரு கால்குலேட்டரோடுதான் அலைகிறார்கள், துபாயிலிருந்து வரும் என் அண்ணன் இளநீர்க்காரரிடம்கூட திர்ஹாமில்தான் யோசிப்பார். நூறு வெள்ளி கொடுத்து அங்கே நீங்கள் பயிற்சியாளர் வைத்திருந்தீர்களா? இல்லை. இரண்டரை வெள்ளிக்கு உள்ளே விடுகிற ஆக்டிவ்எஸ்ஜி அரசு ஜிம்முக்காவது போனீர்களா? அதுவும் போயிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அங்கே உங்களுக்கு அது தேவைப்படவே இல்லை. வீட்டிலிருந்து நடந்து எம்ஆர்டி ரயில், இறங்கி அலுவலகம், மதியச் சாப்பாட்டுக்கு ஹாக்கர் சென்டர், சாயங்காலம் இரண்டு கையிலும் மளிகைப் பை, ஞாயிற்றுக்கிழமை வீடு துடைப்பது. இங்கே? லிஃப்ட், பேஸ்மென்ட், கார், பேஸ்மென்ட், லிஃப்ட். நடுவில் அவுட்டர் ரிங் ரோட்டில் ஒரு மணி நேரம் சீட்டில் சரிந்து உட்கார்ந்து முன்னால் நிற்கிற பஸ்ஸின் நம்பரை மனப்பாடம் செய்வது. துடைப்பத்தையும் ஒருவரிடம் கொடுத்தாயிற்று. ஆறு கிலோ எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஆச்சரியமே இல்லை, இடுப்பு வலியும் பெரும்பாலும் அந்த சீட்டிலிருந்துதான் வந்திருக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பயிற்சியாளர் வாரத்தில் மூன்று மணி நேரம்தான் வருவார், வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்ன அளவு, வாரத்துக்கு 150லிருந்து 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அதோடு இரண்டு நாளாவது தசைக்கு வேலை. பின்னதற்குத்தான் பயிற்சியாளர். முன்னது உங்கள் கால் பாடு. பெல்லந்தூர்ப் பக்கம் நடைபாதை என்று ஒன்று இருந்தால் அதில் பைக் நிற்கும், இல்லாவிட்டால் பைக் ஓடும், தெரியும். ஆனால் சர்ஜாபூர் ரோட்டில் கைகொண்டரஹள்ளி ஏரி இருக்கிறது, அக்கம்பக்கத்து மக்கள் முன்னின்று மீட்டெடுத்த ஏரி, சுற்றிலும் நடக்க மண்பாதை, கூழைக்கடா கூடப் பார்க்கலாம். (பெல்லந்தூர் ஏரியைச் சொல்லவில்லை. அது நுரைத்ததும் தீப்பிடித்ததும் ஊரறிந்த கதை.) கார் ஓட்டுகிறவரை அங்கே இறக்கிவிடச் சொல்லுங்கள், ஒருவரையும் வேலையை விட்டு நிறுத்த வேண்டியதில்லை.

5.9 பற்றி. 5.7லிருந்து 6.4 வரை சர்க்கரைக்கு முந்தைய கட்டம் என்பார்கள், அப்பாவுக்கும் இருக்கிறது என்பதால் ஜிம்முக்கு முன்னால் டாக்டர். அதைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த விஷயத்தில் நம் உடம்பு கொஞ்சம் ஏமாற்றுக்காரி. 2004ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது: பூனாவைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இருவருக்கும் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) ஒன்றேதான், 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே வேறு கணக்கு. அதனால்தான் உங்களை வெறும் நடையோடு விடாமல் எடை தூக்கச் சொல்கிறேன். சாப்பிட்ட சர்க்கரையில் ஒரு பெரிய பங்கை வாங்கி வைத்துக்கொள்வது தசைதான், அந்தத் தசை நம்மிடம் குறைவு.

சரி, என் கதை. திருச்சியிலிருந்து இங்கே பெங்களூரில் ஜீவன் பீமா நகருக்கு வந்த இரண்டாம் வருடம், காலி சிலிண்டர் என்று நினைத்து நிறை சிலிண்டரைக் குனிந்து இழுத்தேன். உள்ளே 14.2 கிலோ கேஸ், இரும்போடு சேர்த்தால் 30 கிலோவுக்குப் பக்கம். மூன்று வாரம் படுக்கை. எழுந்ததும் நேராக ஒரு ஜிம்முக்குப் போய் (பெயர் வேண்டாம், இப்போது அங்கே பல் ஆஸ்பத்திரி) ஆறு மாதத்துக்கு மொத்தமாகப் பணம் கட்டினேன். ஐந்தாவது வாரம் அந்தப் பையன் வேறு ஜிம்முக்குப் போய்விட்டான். பதிலுக்கு வந்தவர் வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டே எண்ணுவார். ஒருநாள் ‘ஒன்பது’ சொல்லிவிட்டு யாருக்கோ பதில் அனுப்பினார், பிறகு நிமிர்ந்து ‘எட்டு’ என்றார். உங்கள் அம்மா சிரித்ததைப் படித்தபோது எனக்கு அந்த ‘எட்டு’தான் ஞாபகம் வந்தது.

அவர்களைக் குறை சொல்லியும் பயனில்லை. நீங்கள் கட்டும் 15,000ல் ஒரு நல்ல பங்கை ஜிம் எடுத்துக்கொள்ளும். பயிற்சியாளருக்கு அடிப்படைச் சம்பளம் கொஞ்சம், அதற்கு மேல் மாத டார்கெட், எட்டாவிட்டால் மேனேஜர் முகம் சுளிப்பார். மாதக் கடைசி வாரத்தில் ‘மேடம், இன்னிக்கு மட்டும் ஆஃபர்’ என்று துரத்துவது அதனால்தான். நல்லவர்கள் ஓரிரு வருடத்தில் வெளியே போய்த் தனியாக ஆள் பிடித்துக்கொள்கிறார்கள். ஆறு மாதத்துக்குக் கட்டும்போது நீங்கள் கட்டுவது ஜிம்முக்கு, உங்களுக்குப் பிடித்துப்போன அந்தப் பெண்ணுக்கோ பையனுக்கோ இல்லை. மாதம் 5,000 மிச்சம் என்று தோன்றும். என்னுடைய மிச்சம் அந்தப் பல் ஆஸ்பத்திரிக்கு அடியில் கிடக்கிறது.

மூன்றாவதாக வந்தவர் கர்நாடகத்தின் ஹாசன் பக்கத்துப் பெண். அவர்தான் ஆசிரியர். முதல் நாள் ஒரு கிலோகூடக் கையில் கொடுக்கவில்லை. மாப் குச்சியை என் முதுகோடு சேர்த்து நிறுத்தி, பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடுவே, வால் எலும்பு, இந்த மூன்று இடமும் குச்சியைத் தொட்டபடியே இருக்க வேண்டும், அப்படியே பின்பக்கத்தால் ஒரு கதவைத் தள்ளிச் சாத்துவது போல் குனி என்றார். குனிந்தால் குச்சி மண்டையிலிருந்து விலகும், மண்டையைச் சேர்த்தால் வால் எலும்பில் விட்டுப்போகும். நாற்பது வயது வரை எனக்குக் குனியவே தெரிந்திருக்கவில்லை! ஒன்பது நாள் அந்தக் குச்சிதான். பத்தாம் நாள் இரும்பு.

ஆனால் அவருக்கு அவ்வளவாகத் தமிழ் வராது. எடையை மேலே கொண்டுவரும்போதெல்லாம் ‘உசிரு பிடி, உசிரு பிடி’ என்பார். நானும் உசிரைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சை இறுக அடக்கிக்கொண்டு தூக்குவேன். தலை கிறுகிறுக்கும். ஒரு மாதம் கழித்து பக்கத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு கன்னட அம்மாள்தான் சிரித்துவிட்டுச் சொன்னார். கன்னடத்தில் உசிரு என்றால் மூச்சு, பிடி என்றால் விடு. நம் ‘வா’ அங்கே ‘பா’ ஆகிற மாதிரி நம் ‘விடு’ அங்கே ‘பிடு’, மரியாதையாகச் சொன்னால் ‘பிடி’. பாவம், அவர் மாதம் முழுக்க மூச்சை விடச் சொல்லிக் கத்தியிருக்கிறார், எனக்கு ரத்த அழுத்தம் வேறு. ஆகையால் மொழி தெரியாது என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆங்கிலத்திலாவது தடையில்லாமல் பேசுகிறவர் வேண்டும். தமிழ் பேசுகிறவர்கள் இந்த ஊரில் நிறைய, அல்சூர் பக்கம் கேட்டுப் பாருங்கள். ஓசூரிலிருந்து வந்து போகிறவர்களும் உண்டு.

ஆளை எப்படிப் பார்ப்பது? பயிற்சியாளராக இங்கே யாருக்கும் அரசு உரிமம் தேவையில்லை, டீஷர்ட் போட்டால் போதும். ஏசிஎஸ்எம், ஏசிஇ போன்ற அமெரிக்க உடற்பயிற்சி அமைப்புகளின் சான்றிதழ் இருந்தால் எண்ணைக் கேட்டு அந்த அமைப்பின் தளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் நான் சான்றிதழைவிட முதல் பத்து நிமிடத்தைத்தான் நம்புவேன். ஒரு நாள் பணம் கட்டித் தனி வகுப்புக்குப் போங்கள். இடுப்பு வலி எப்போதிலிருந்து, சர்க்கரை எவ்வளவு, மாத்திரை உண்டா என்று கேட்கிறாரா, இல்லை நேரே டிரெட்மில்லில் ஏற்றுகிறாரா? கை வைத்துத் திருத்துவதற்கு முன் அனுமதி கேட்கிறாரா? இதில் ஒன்று சரியில்லாவிட்டாலும் வந்துவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். இரண்டாவது வாரமே புரோட்டீன் டப்பா நீட்டினாலும் அப்படியே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலே உடம்பை ஏற்ற அந்தப் பொடிகள் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. பெரியவர்களுக்கு அவர்கள் சொல்லும் அளவு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம், உங்கள் எடைக்கு 56 கிராம் வரும். சமைக்கிற அம்மாவிடம் சோற்றைக் குறைத்து முட்டையும் சுண்டலும் மீனும் வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த 18 சதவீதம். 2025 செப்டம்பர் 22லிருந்து ஜிம்முக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். பழைய அட்டையைக் காட்டியிருப்பார்கள். 15,000க்கு வித்தியாசம் 1,950 ரூபாய். கேளுங்கள்.

மூன்று மாதம் ஏன் என்றால், குனிவது, உட்கார்ந்து எழுவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது, இவ்வளவுதான் பாடம். 36 வகுப்பில் இதைக் கற்றுக்கொடுக்க முடியாதவர் மூன்று வருடத்திலும் கற்றுக்கொடுக்க மாட்டார். முதல் நாளே சொல்லிவிடுங்கள், ‘நான் உங்கள் உதவி இல்லாமல் செய்ய வேண்டும், அதுதான் இலக்கு’ என்று. முகம் மாறுகிறதா பாருங்கள். அதற்குப் பிறகும் உங்களுக்கு இங்கே எட்டு மாதம் இருக்கும். சேர்ந்தால் ஜிம் சந்தாவையும் ஒரு வருடத்துக்கு எடுத்துவிடாதீர்கள், நீங்கள் ஊர் திரும்பிய பிறகு அது யாருக்கு?

கடைசியாக, நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போனது. பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை என்றீர்களே, எனக்கு உங்கள் கடிதமே அதுதான். காலை ஆறரைக்கு ஒருவர் நமக்காகக் காத்திருப்பார் என்பதற்காக 1,250 ரூபாய் கொடுப்பது தப்பில்லை, நானும் கொடுத்திருக்கிறேன். அந்த ஹாசன் பெண் என் பெயரை முழுதாகச் சொல்ல மாட்டார், பாதியில் வெட்டிக் கூப்பிடுவார், அதற்காகவே சில நாள் எழுந்து போயிருக்கிறேன். ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாடம் முடிந்த பிறகும் பாவம் பார்த்துப் பேக்கேஜைப் புதுப்பித்துக்கொண்டே இருப்போம். அந்தத் துணைக்கு ஏரியைத்தான் நம்புவேன். ஒரே நேரத்தில் பத்து நாள் போங்கள், பதினோராம் நாள் போகாவிட்டால் யாராவது ‘நேத்து காணோமே’ என்பார்கள். பெங்களூர் நடைக்காரர்கள் அந்த விஷயத்தில் மோசமில்லை.

தனி வகுப்பு போய்விட்டு வந்து எழுதுங்கள். அங்கே யாராவது ‘உசிரு பிடி’ என்றால், விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா