இரவு 11.30க்கு ஏறி, காலை 5.55க்கு லண்டன்: ஆறரை மணி நேரம்தானா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "தங்கையின் பிரசவத்துக்காக நவம்பரில் அம்மா தனியாக லண்டன் போகிறார். கோலாலம்பூரில் இரவு 11.30க்குப் புறப்பட்டு மறுநாள் காலை 5.55க்குச் சேரும் என்று டிக்கெட்டில் இருக்கிறது. சென்னைக்கே நான்கு மணி நேரம் ஆகிறதே! அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வேறு; மாத்திரையை எப்படிக் கணக்கிடுவது?"

உங்கள் சந்தேகம் சரிதான். அம்மா விமானத்தில் இருக்கப்போவது 14 மணி 25 நிமிடம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் மலேசியக் கடிகாரப்படி, சேரும் நேரம் லண்டன் கடிகாரப்படி. நவம்பரில் லண்டன் நமக்கு 8 மணி நேரம் பின்னால் இருக்கிறது. அங்கே காலை 5.55 என்றால் உங்கள் வீட்டில் பிற்பகல் 1.55. மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை பிரிட்டன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பதால், அப்போது வித்தியாசம் 7 மணி நேரம்தான்.

தூரம் ஏறக்குறைய 10,600 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாமே என்று தோன்றும். ஆனால் 10,600 என்பது பூமி உருண்டையின் மேல் நூலை இழுத்துப் பிடித்தால் வரும் மிகக் குறுகிய தூரம். அந்த நூல் கொல்கத்தா பக்கமாக ஏறி, மத்திய ஆசியாவைக் கடந்து, ரஷ்யா, உக்ரைன் வட்டாரம் வழியாகப் போகும். உக்ரைன் வான்வெளி 2022 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருப்பதால் சுற்றித்தான் போக வேண்டும். போதாததற்கு, அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்றை எதிர்த்துப் பறக்க வேண்டும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போகும் நேரமும் டிக்கெட் கணக்கில் சேரும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளுவதால் பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேலாகவே குறையலாம்.

மாத்திரை விஷயத்தில்தான் கவனம் தேவை. பாலம் கடந்து பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் விமான நிலையம், அங்கிருந்து ஒரு மணி நேர விமானம், கோலாலம்பூரில் காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் வீட்டு வாசலிலிருந்து லண்டன் வரை இருபது மணி நேரத்துக்குக் குறையாது. மேற்கே போவதால் அம்மாவின் அந்த நாள் 8 மணி நேரம் நீளும். வழக்கமாக ஒரு நாளுக்கு எழுதித் தரும் அளவு அதற்குப் பொருந்தாமல் போகலாம். டிக்கெட்டோடு மருத்துவரைப் பாருங்கள். இன்சுலின் போடுபவர் என்றால் கட்டாயம் பாருங்கள். எந்த மாத்திரையை எப்போது சாப்பிட வேண்டும் என்று மலேசிய நேரத்திலேயே பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். லண்டனில் இறங்கும்வரை அம்மா கைக்கடிகாரத்தை மாற்ற வேண்டாம். மாத்திரைகள் அனைத்தும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

தங்கை 5.55க்கே வந்து நிற்க வேண்டியதில்லை. குடிநுழைவுச் சோதனை முடித்துப் பெட்டி எடுத்து வெளியே வர, அம்மாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்.