பேலியோ, குறை கார்ப் உணவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குப் பதில் எழுத வழியில்லை. "பேலியோவில் இருக்கிறேன், எடை குறையவில்லை, ஏன்?" என்று ஒற்றை வரி. (புதியவர்களுக்கு: பேலியோ என்பது கற்கால மனிதன் சாப்பிட்டதாகச் சொல்லப்படும் உணவுமுறை, கார்ப் என்பது மாவுச்சத்தும் சர்க்கரையும்.) வயது இல்லை, எடை இல்லை, என்ன சாப்பிட்டார் என்று இல்லை, மாத்திரை எதுவும் போடுகிறாரா என்றும் இல்லை. எனக்கு ஜோசியம் தெரியாது. விவரத்தோடு எழுதியவர்களுக்கு மட்டும் கீழே பதில்.

முதல் வாரம் 3 கிலோ குறைந்தது. மூன்றாம் வாரம் வெறும் 300 கிராம். எங்கே தப்பு செய்கிறேன்?

தப்பே இல்லை. முதல் வாரம் போனது பெரும்பாலும் தண்ணீர். கல்லீரலில் 100 கிராம், தசைகளில் 400 கிராம் என்ற அளவில் கிளைகோஜன், அதாவது உடம்பு சேமித்து வைக்கும் மாவுச்சத்து, இருப்பு இருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். கார்ப்பைக் குறைத்தால் இருப்பு கரையும், தண்ணீரும் கூடவே போகும். இப்போது போகிற 300 கிராம்தான் நீங்கள் குறைக்க நினைத்த கொழுப்பு. ஒருநாள் விருந்தில் வயிறாரச் சாப்பிட்டு மறுநாள் 2 கிலோ ஏறினாலும் இதே கணக்குதான், பதற வேண்டாம். தினமும் காலையில் எடை பார்த்துத் தலையில் கை வைப்பதை நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை போதும், கூடவே இடுப்பளவு.

தொடங்கி நான்கு நாள் ஆகிறது. தலைவலி, கெண்டைக்காலில் இழுப்பு, எழுந்து நின்றால் கிறுகிறுப்பு. விட்டுவிடலாமா?

உப்பு பற்றவில்லை. கார்ப் குறையும்போது இன்சுலின் இறங்கும். இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் சோடியத்தை அதிகமாக வெளியேற்றும். பொட்டலத் தின்பண்டங்களை விட்டதால் அந்த வழியில் வந்துகொண்டிருந்த உப்பும் நின்றுபோயிருக்கும். அரை டீஸ்பூன் உப்புப் போட்ட சூப் ஒரு கிண்ணம் குடித்துப் பாருங்கள், பலருக்கு அன்றே சரியாகிவிடும். ஆனால் ரத்தக் கொதிப்பு, இதயம், சிறுநீரகத் தொந்தரவு உள்ளவர்கள் இதை அப்படியே செய்யக் கூடாது. பி.பி. மாத்திரை போடுகிறவருக்குக் கிறுகிறுப்பு வந்தால் மாத்திரையின் அளவு இப்போது அதிகமாகிவிட்டது என்றும் பொருள் இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள்.

பேலியோவும் கீட்டோவும் ஒன்றா?

இல்லை. பேலியோவில் எதைச் சாப்பிடக் கூடாது என்பது கணக்கு: தானியம், பருப்பு வகை, பால், சர்க்கரை. கீட்டோவில் எத்தனை கிராம் என்பது கணக்கு: நாளுக்கு 20 முதல் 50 கிராம் கார்ப். சர்க்கரைவள்ளிக் கிழங்கு பேலியோவில் செல்லும், கீட்டோவில் செல்லாது. பாலாடைக்கட்டி அப்படியே தலைகீழ்.

சுகர் மாத்திரை இரண்டு போடுகிறேன். பேலியோ தொடங்கிய பத்தாம் நாள் 70-க்கு இறங்கிவிட்டது. ஒன்றை நானே நிறுத்திவிட்டேன். சரிதானே?

எந்த மாத்திரை என்று எழுதவில்லை. பத்து வரிக் கடிதத்தில் வேண்டியது அந்த ஒரு சொல்தான், அதுதான் இல்லை. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகை என்றால் கார்ப்பைக் குறைத்த முதல் நாளிலிருந்தே தாழ் சர்க்கரை ஆபத்து உண்டு, இன்சுலின் போடுகிறவர்களுக்கும் அப்படித்தான். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையில் ஆபத்து வேறு மாதிரி: மீட்டரில் சர்க்கரை நல்ல எண்ணைக் காட்டும், உள்ளே கீட்டோ அசிடோசிஸ், அதாவது ரத்தம் அமிலமாகும் ஆபத்தான நிலை, வளரும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் என்று போய் நிற்பது அவசரப் பிரிவில். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பயம் குறைவு. எதுவானாலும் நிறுத்துவதும் குறைப்பதும் எழுதிக் கொடுத்த மருத்துவரின் வேலை, உங்கள் வேலையும் இல்லை, என் வேலையும் இல்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்காதீர்கள். இதைப் போன முறையும் எழுதினேன், அடுத்த முறையும் எழுதுவேன்.

பசிக்கும்போதெல்லாம் பாதாம் சாப்பிடுகிறேன். அளவு உண்டா?

உண்டு. 100 கிராம் பாதாம் 580 கலோரிக்கு மேல். ஒரு நாளைக்கு 30 கிராம், எடை போட்டு. முந்திரியில் 100 கிராமுக்கு 30 கிராம் கார்ப், நார்ச்சத்து அதில் சொற்பம்.

நிலக்கடலை?

அது பருப்பினம். கறார் பேலியோவில் கிடையாது. வெறும் குறை கார்ப் என்றால் ஒரு கைப்பிடி போகட்டும்.

கடையில் 'கீட்டோ', 'பேலியோ' என்று போட்ட பிஸ்கட், சாக்லேட் வாங்குகிறேன். வீட்டில் பாதாம் மாவு, தேன் சேர்த்து கேக்கும் செய்கிறேன். சர்க்கரையே சேர்ப்பதில்லை. ஆனாலும் இரண்டு மாதமாக எடை அசையவில்லை.

வாருங்கள், உங்களைப் போன்ற ஒருவருக்காகத்தான் காத்திருந்தேன்.

முதலில் கேக். செய்முறையை அளவோடு எழுதியிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. பாதாம் மாவு 200 கிராம், வெண்ணெய் 100 கிராம், நான்கு முட்டை, தேன் 100 மில்லி. மாவு 1,200 கலோரி, வெண்ணெய் 700, முட்டை 280, தேன் 400 சொச்சம். கூட்டினால் 2,600. எட்டுத் துண்டு போட்டால் துண்டுக்கு 325 கலோரி, கார்ப் 19 கிராம். மாலையில் இரண்டு துண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அது 650 கலோரி, 38 கிராம் கார்ப். கறாராக இருக்கிறவர் ஒரு நாள் முழுவதும் சாப்பிடும் கார்ப் அது. தேன் சர்க்கரை இல்லையாம்! ஒரு மேசைக்கரண்டித் தேனில் 17 கிராம் சர்க்கரை. தேனீ செய்தது என்பதற்காகக் கணையம் தள்ளுபடி தருவதில்லை. பேரீச்சம்பழக் கூழும் அப்படித்தான், பெரிய பழம் இரண்டிலேயே 35 கிராம் வந்துவிடும்.

இனி பொட்டலம். அதன் முகப்பில் 'பேலியோ' என்று அச்சடிக்க யாரிடமும் தேர்வு எழுத வேண்டியதில்லை. பல நாடுகளில் அந்தச் சொல்லுக்குச் சட்ட வரையறையே கிடையாது. எனவே முகப்பைப் படிக்காதீர்கள், பின்பக்கத்தைத் திருப்புங்கள். அங்கேயும் மூன்று இடத்தில் ஏமாறுகிறோம். முதலாவது, 'ஒரு பரிமாறலுக்கு 3 கிராம் கார்ப்'. பரிமாறல் என்பது 15 கிராம், அதாவது ஒரே ஒரு பிஸ்கட். ஒரு பிஸ்கட்டோடு பொட்டலத்தை மூடி வைத்த மனிதரை நான் இன்னும் சந்திக்கவில்லை. இரண்டாவது, சேர்மானப் பட்டியல். மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். சர்க்கரை என்ற பெயர் இல்லாமலே குளுக்கோஸ் வேகத்தில் ரத்தத்தில் ஏறும். மரவள்ளி ஸ்டார்ச் இருந்தால் 'தானியம் இல்லை' என்பது உண்மை, 'மாவுச்சத்து இல்லை' என்பது பொய். மால்டிட்டால் என்ற இனிப்பூட்டியைப் போட்டு 'சர்க்கரை பூஜ்யம்' என்பார்கள். கிராமுக்கு 2 கலோரிக்கு மேல் உண்டு, சர்க்கரையையும் ஓரளவு ஏற்றும், அளவு மீறினால் வயிற்றையும் கலக்கும். எரித்ரிட்டால் என்ற இன்னொரு இனிப்பூட்டி இரத்தச் சர்க்கரையை அநேகமாகத் தொடுவதில்லை. இந்த இரண்டு இனிப்பூட்டிகளையும் ஒன்றுபோல மொத்த கார்ப்பிலிருந்து கழித்து, மிஞ்சியதை 'நிகர கார்ப் 2 கிராம்' என்று பெரிய எழுத்தில் போடுவதுதான் வியாபாரம்.

மூன்றாவது, படித்தவர்களே சறுக்கும் இடம். அமெரிக்க லேபிளில் மொத்த கார்ப்புக்குள் நார்ச்சத்தும் அடங்கியிருக்கும். அதைக் கழிப்பதில் நியாயம் உண்டு. ஐரோப்பிய லேபிளில் நார்ச்சத்தை முன்பே ஒதுக்கிவிட்டுத்தான் கார்ப் எண்ணைப் போடுகிறார்கள். அதிலிருந்து இன்னொரு முறை கழித்தால் இல்லாத லாபத்தைக் கணக்கில் எழுதுகிறீர்கள்.

எனக்கு இதில் கோபம் வரக் காரணம் கலோரி மட்டும் அல்ல. இனிப்புக்கு அலையும் நாக்கைக் கொஞ்சம் அடக்கத்தானே இந்த முறைக்கு வந்தீர்கள்? பெயரை மாற்றி அதே பிஸ்கட், அதே கேக், அதே சாக்லேட் என்றால் நாக்கு எப்போது அடங்கும்? மூன்று வாரம் இவை எதுவும் வேண்டாம். முட்டை, மீன், கறி, காய், கொஞ்சம் கொட்டை, அவ்வளவுதான். பிறகும் எடை அசையவில்லை என்றால் எழுதுங்கள், தைராய்டு பரிசோதனை பற்றிப் பேசலாம்.

சைவம். முட்டையும் கிடையாது. பேலியோ சாத்தியமா?

கறார் பேலியோ சாத்தியம் இல்லை. 70 கிலோ எடைக்குக் குறைந்தது 55 கிராம் புரதம் வேண்டும். எடை குறைக்கும் காலத்தில் 80-க்கு மேல் நல்லது. பருப்பும் கூடாது, பாலும் கூடாது என்றால் மிச்சம் கொட்டை வகை. 80 கிராம் புரதத்துக்கு 400 கிராம் பாதாம் தின்ன வேண்டும், அது 2,300 கலோரி. ஆகவே பேலியோ என்ற பெயரை விடுங்கள், குறை கார்ப்பை வைத்துக்கொள்ளுங்கள். பாலாடைக்கட்டி, டோஃபு, நீர் வடித்த கெட்டித் தயிர், காய்கள். நாளுக்கு 80 முதல் 100 கிராம் கார்ப் என்று தளர்த்திக்கொண்டால் கொஞ்சம் பருப்புக்கும் இடம் உண்டு. பி12 அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மற்ற எல்லோரும் சோறும் ரொட்டியும். எனக்கென்று தனியாகச் சமைக்க நேரம் இல்லை.

தனிச் சமையல் எதற்கு? கறி, மீன், முட்டை, காய் எல்லோருக்கும் ஒன்றுதான். அவர்கள் தட்டில் சோறு, உங்கள் தட்டில் அந்த இடத்தில் இரண்டு மடங்கு காய். குழம்பைக் கெட்டியாக்க மாவு கரைத்து ஊற்றுகிற வழக்கம் இருந்தால் உங்கள் பங்கை முன்பே எடுத்து வையுங்கள். இரவு சமைப்பதில் கொஞ்சம் கூடுதலாகச் செய்தால் மறுநாள் அலுவலகச் சாப்பாடு ஆயிற்று. பலர் கவிழ்வது வீட்டில் இல்லை, மாலை நான்கு மணிக்கு, பையில் ஒன்றும் இல்லாமல் பசிக்கும்போது. வேகவைத்த முட்டை இரண்டு எப்போதும் கையில் இருக்கட்டும்.

'ஒரு கரண்டி சோறு மட்டும்' என்கிறவர்கள் அந்தக் கரண்டியை ஒருமுறை எடை போடுங்கள். 150 கிராம் சோறு என்றால் 40 கிராம் கார்ப். கண் எப்போதும் குறைத்துத்தான் அளக்கும். இன்னொன்று, வளரும் குழந்தைகளை இதில் இழுக்காதீர்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இந்த அளவுக்குக் கார்ப்பை வெட்ட வேண்டாம்.

பீர் கூடாது, விஸ்கி பரவாயில்லை என்கிறார்களே?

விஸ்கியில் கார்ப் இல்லை, கலோரி உண்டு. ஆல்கஹால் கிராமுக்கு 7 கலோரி, அதை எரித்து முடிக்கும் வரை உடம்பு கொழுப்பைக் கிடப்பில் போடும். சுகர் மருந்து எடுப்பவருக்கு இரவில் சர்க்கரை தடாலென்று இறங்கவும் கூடும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பற்றி மேலே எழுதியதை இன்னொரு முறை படியுங்கள்.

ஆதி மனிதன் தானியமே தின்னவில்லை என்பது உண்மையா?

உண்மை இல்லை. கலிலேயா ஏரிக்கரையில் ஒஹாலோ என்ற இடத்தில் சுமார் 23,000 ஆண்டுக்கு முந்தைய குடியிருப்பில் காட்டு பார்லியும் கோதுமையும் கிடைத்தன, அரைத்த கல்லோடு. ஈராக்கின் ஷனிதார் குகையில் நியாண்டர்தால் மனிதரின் பற்காறையிலேயே வெந்த மாவுச்சத்துத் துகள்கள் இருந்தன. கற்கால உணவு என்ற பேச்சை மருத்துவ உலகில் கிளப்பிய பாய்ட் ஈட்டன், மெல்வின் கானர் இருவரின் 1985 கட்டுரையே கற்கால உணவில் கார்ப்பை ஏறத்தாழ 45 சதவீதம் என்றுதான் மதிப்பிட்டது. மாவைக் குறைத்து எடையைக் குறைக்கும் யோசனை வேறு கிளை: 1863-ல் லண்டனில் வில்லியம் பேன்ட்டிங் என்பவர் மருத்துவர் சொன்னபடி ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கை விட்டு இளைத்து, அதைச் சிறு நூலாகவே போட்டார். இரண்டு கிளையையும் நாம் ஒட்டவைத்திருக்கிறோம். பலன் தந்தால் சாப்பிடுங்கள், கற்கால மனிதனைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்.

ஆறு மாதத்தில் எடை 9 கிலோ குறைந்தது, ரத்தக் கொழுப்பில் டிரைகிளிசரைடும் இறங்கியது. ஆனால் 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல் 120-லிருந்து 190. பேலியோ குழுவில் 'பயப்படாதே, அது நல்ல கொழுப்பு' என்கிறார்கள்.

குழுவில் இருப்பவர்கள் உங்கள் இதயத்துக்குப் பொறுப்பேற்பார்களா? குறை கார்ப்பில் சிலருக்கு, குறிப்பாக ஒல்லியாக ஆனவர்களுக்கு, எல்டிஎல் இப்படி ஏறும். 190 என்பது எந்த மருத்துவரும் சாதாரணமாக விடாத எண். வெண்ணெயையும் கொழுப்புள்ள கறியையும் பாதியாக்குங்கள். அந்த இடத்தில் மீன், ஆலிவ் எண்ணெய், கொட்டைகள், காய்கள் வரட்டும். கார்ப்பைக் கொஞ்சம் கூட்டினாலும் பலருக்கு இறங்குகிறது. இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி பரிசோதனை, ரிப்போர்ட்டோடு மருத்துவர். இறங்கவில்லை என்றால் அவர் மருந்து சொல்வார், கேட்டுக்கொள்ளுங்கள்.

குறை கொழுப்பை விடக் குறை கார்ப்தானே உயர்ந்தது?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சுமார் 600 பேரை இரண்டாகப் பிரித்து ஓராண்டு பார்த்தார்கள், 2018-ல் முடிவு வந்தது. குறை கார்ப்பில் சராசரியாக 6 கிலோ, குறை கொழுப்பில் 5.3 கிலோ குறைந்தது. சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. உங்களால் எதில் நிற்க முடிகிறதோ அதில் நில்லுங்கள்.

மலச்சிக்கல். ஐந்து நாள்.

கறியும் முட்டையும் மட்டும் சாப்பிட்டால் வேறென்ன வரும்? நாளுக்குக் குறைந்தது 400 கிராம் காய், அதில் பாதி கீரை. தண்ணீரைக் கூட்டுங்கள். ஐந்து நாளோடு வயிற்றுவலியோ வாந்தியோ இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் இன்றே மருத்துவரிடம் போங்கள்.