பிரேக் இல்லாத வண்டியும் பேரேடும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

மாட்டு வண்டிப் பந்தயம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. மண் ஓடுதளத்தில் சுற்றும் ஸ்பீட்வே பைக் பந்தயத்தில் ஆறு முறை உலக சாம்பியனான ஐவன் மாகர், நகரத்தார் வீட்டில் பிறந்திருக்க வேண்டியவர் என்று. அதை என் மகன் படித்துவிட்டான். பத்தொன்பது வயது, காரைக்குடியில் கல்லூரி. அன்றிலிருந்து வீட்டில் ஸ்பீட்வே வீடியோதான். வறண்ட கண்மாய்க்குள் பைக்கை இறக்கி, பின்சக்கரத்தைச் சுழற்றிப் புழுதி கிளப்பி, அதைப் படம் வேறு எடுத்துப் போடுகிறான். அவனுடைய அப்பத்தா, "இவனைப் பேசாமல் பொருட்காட்சி மரணக்கிணற்றில் சேர்த்துவிடு, சம்பளமாவது வரும்" என்கிறார்.

நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இடது பக்கமே திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். பிரேக்கும் கிடையாதாமே? இது விளையாட்டா, கிறுக்கா? இதில் ஒருவர் இருபது வருடத்துக்கு மேல் இருந்து ஆறு முறை ஜெயிக்க என்ன இருக்கிறது? நகரத்தாருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நம் ஆட்கள் சைக்கிளுக்கே இரண்டு பிரேக்கையும் சரிபார்த்துவிட்டு ஏறுகிறவர்கள்.

பெயர் போட வேண்டாம். பையன் படிப்பான்.

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள தம்பி,

முதலில் பெயரைச் சரிசெய்துவிடுகிறேன், தப்பு என்னுடையது. எழுத்துக்கூட்டிப் படித்தால் மாகர் என்றுதான் வரும். ஆனால் அவர்கள் அதை 'மேஜர்' என்று சொல்கிறார்கள். ஐவன் மேஜர். பட்டாளத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.

பிரேக்குக்கு வருகிறேன். உங்கள் மகன் வயதில் நானும் சித்தப்பாவின் ஜாவாவை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போனவன்தான். வளைவில் சரளை கிடந்தது. பயந்துபோய் முன் பிரேக்கைப் பிடித்தேன். வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வீட்டுக்கு வந்து, மாடு குறுக்கே வந்துவிட்டது என்றேன். "யார் வீட்டு மாடு?" என்று ஐயா கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. முழங்கைத் தழும்பு இன்னும் இருக்கிறது.

உதிரி மண்ணில் முன்சக்கரம் நின்றால் ஆள் விழுவான். இதைப் புரிந்துகொண்டால் ஸ்பீட்வே பாதி புரிந்துவிடும். அங்கே வேகத்தைக் குறைப்பது சறுக்கல்தான். நேர் ஓட்டம் முடிகிற இடத்தில் வண்டியை இடது பக்கம் சாய்த்துப் பின்சக்கரத்தை வெளியே வீச விடுகிறார்கள். அப்போது நன்றாகப் பாருங்கள், ஹேண்டில்பார் வலது பக்கம் திரும்பியிருக்கும், வண்டியோ இடது பக்கம் போய்க்கொண்டிருக்கும். இடது பூட்ஸுக்கு அடியில் ஓர் இரும்புத் தகடு, அது தரையை உரசிக்கொண்டே வரும். 500 சிசி, ஒற்றை சிலிண்டர், ஓடும்போது மாற்றுவதற்கு கியர் இல்லை, பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால். ஆக்சிலேட்டரைத் திருகுகிற அந்த ஒரு மணிக்கட்டுதான் திருப்புவதும் அடக்குவதும் எல்லாம். விழுந்தால் இன்ஜின் தானாக நின்றுவிட மணிக்கட்டில் ஒரு கயிறு கட்டியிருப்பார்கள்.

நாலு பேர் முழங்கை இடிக்கிற நெருக்கத்தில் வளைவுக்குள் நுழைகிறார்கள். ஒருவன் சட்டென்று பிரேக் அடித்தால் பின்னால் வருகிறவன் அவன் முதுகில் ஏறிவிடுவான். யாரிடமும் பிரேக் இல்லாததுதான் எல்லாருக்கும் காப்பு. விபரீதமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊர்ப் பந்தய வண்டியில் பிரேக் எங்கே இருக்கிறது? எல்லாம் சாரதி கையிலிருக்கிற கயிற்றில்தானே. கொடியைச் சுற்றித் திரும்புகிற இடத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பந்தயமே அங்கேதான். எட்டு மைல் ஓட்டத்தில் மற்றதெல்லாம் சாலை.

அந்த ஜாவாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். மைசூரில் தயாராகி நம் பக்கமெல்லாம் ஓடியதே, அதன் தாய்வீடு செக்கோஸ்லோவாகியா. அங்கே எஸோ என்று ஒரு நிறுவனம் ஸ்பீட்வே வண்டிகள் செய்துகொண்டிருந்தது. 1964-இல் அது ஜாவாவோடு சேர்ந்தது. அதற்கப்புறம் பல வருடம் உலகப் போட்டிகளில் அந்த வண்டிகள்தான். மேஜரும் ஓட்டினார். காரைக்குடியில் பால்காரர் ஓட்டிய வண்டிக்கு அங்கே பிரேக் இல்லாத ஒரு தம்பி இருந்திருக்கிறான். எனக்குத்தான் தெரியாமல் போயிற்று.

சரி, "என்ன இருக்கிறது" என்று கேட்டீர்கள். கணக்கு இருக்கிறது. நாலு பேர், நாலு சுற்று. முதலில் வந்தவருக்கு 3, அடுத்தவருக்கு 2, அதற்கடுத்தவருக்கு 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. மேஜர் காலத்தில் உலக சாம்பியன் ஒரே இரவில் தீர்மானமாவார் (1995-இல்தான் வருடம் முழுக்க ஓடும் கிராண்ட் பிரி முறை வந்தது). 16 பேர், 20 ஓட்டம். ஒவ்வொருவருக்கும் ஐந்து ஓட்டம். ஓர் ஓட்டத்தில் எதிராளிகள் மூன்று பேர், ஐந்து ஓட்டத்தில் பதினைந்து பேர். அதாவது மற்ற பதினைந்து பேரையும் ஆளுக்கு ஒரு முறை, ஒரே ஒரு முறை, சந்தித்துத் தீர்க்க வேண்டும். அந்த அட்டவணையை முதன்முதலில் பார்த்தபோது நம் பெட்டகசாலையில் பழைய பேரேட்டைத் திறந்து பார்த்த மாதிரி இருந்தது எனக்கு. விடுபடல் இல்லை, ஒரே பெயர் இரண்டு முறை பதிவாவதும் இல்லை. ஐந்து ஓட்டத்தையும் கூட்டினால் ஐந்தொகை. முழுசாக 15 எடுத்தவன் ராஜா. ஒரு முறை விழுந்தால் மூன்று போச்சு, அதை அந்த இரவுக்குள் திரும்பப் பிடிக்க வழியில்லை.

சாதாரண லீக் ஆட்டங்களிலும் ஓடியதற்கு இவ்வளவு, எடுத்த புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் காசு. ஓடாதவனுக்குக் கூலி இல்லை.

மேஜரின் தொழில் வாழ்க்கை எனக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர் கதையாகவே படுகிறது. நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் அவர் ஊர். 1939-இல் பிறந்தவர். அந்த ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் ஏற்கெனவே கடல் கடந்து இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார்கள். அங்கே வளர்ந்த ரோனி மூர் 1954-இல் உலக சாம்பியன், பாரி பிரிக்ஸ் 1957-இல். இருவரும் லண்டனின் விம்பிள்டன் ஸ்பீட்வே அணி. நம்ம ஊர்க்காரர் ரங்கூனில் வீடு கட்டிவிட்டார், நாமும் போவோம் என்று கிளம்பினார்களே, அதே கிளம்பல்தான். 1957-இல் விம்பிள்டனுக்கே வந்து சேர்கிறார் மேஜர். இன்னும் பதினெட்டு ஆகவில்லை.

அணியில் இடம் நிலைக்கவில்லை. மைதானத்தைப் பராமரிக்கிற வேலையும் செய்தார். நம் கடல்கடந்த கடைகளின் கிட்டங்கியில் பெட்டியடிப் பையன், அதாவது எடுபிடி, வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள், கடையை நடத்தும் மேலாளாக ஆகிற வழி தெரியவில்லை. ஊருக்குத் திரும்பிவிட்டார்.

நம் வீடுகளில் இப்படித் திரும்பி வந்தவர்களின் கதையை யாரும் சொல்வதில்லை. அரண்மனை மாதிரி வீடு கட்டியவர் படம்தான் முகப்பில் தொங்கும். முதல் கணக்கு சரியாக வராமல், மூன்று வருடத் தவணை முடியுமுன் கப்பலேறி வந்து, திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்குப் படம் கிடையாது. என் தாத்தாவின் தம்பி ஒருவர் அப்படி இருந்தார். இரண்டாம் முறை போகச் சொல்லி வீட்டில் எல்லாரும் சொன்னார்களாம், போகவில்லை.

மேஜர் போனார். இடையில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஓட்டிவிட்டு, 1963-இல் மறுபடி இங்கிலாந்து. இந்த முறை லண்டன் பக்கம் தலைவைக்கவில்லை. வடக்கே நியூகாசில், இரண்டாம் தரமாகக் கருதப்பட்ட பிராவின்ஷியல் லீக். வந்த வருடமே அந்த லீக்கின் தனிநபர் பட்டம், அடுத்த வருடமும் அதே. 1967-இல் உலகப் போட்டியில் மூன்றாம் இடம். அதற்கப்புறம் 1968 ஸ்வீடனின் கோதன்பர்க், 1969 லண்டன் வெம்ப்ளி, 1970 போலந்தின் விரோட்ஸ்வாவ் என்று தொடர்ந்து மூன்று உலகப் பட்டம். அதுவரை யாரும் அப்படித் தொடர்ந்து மூன்று எடுத்ததில்லை. மூன்றாவதும் ஜெயித்தால் வண்டிக்குத் தங்க முலாம் பூசித் தருகிறோம் என்று இரண்டு அமெரிக்கர்கள் சொல்லியிருந்தார்கள், பூசியும் கொடுத்தார்கள். நம் ஆச்சிகள் கேட்டால், முலாம்தானா என்பார்கள்.

ஆனால் எனக்குப் பிடித்தது பட்டம் எடுத்த வருடங்கள் இல்லை. 1968 முதல் 1974 வரை ஏழு இறுதிப் போட்டிகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒன்று, ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு, இரண்டு. ஏழு வருடம் இரண்டாம் இடத்துக்குக் கீழே இறங்கவில்லை. விழுந்து எழுந்து ஓடும் ஒரு விளையாட்டில், ஒரு இரவில் முடிந்துபோகிற போட்டியில், இதைச் செய்ய வெறும் துணிச்சல் போதாது. துணிச்சல் பதினாறு பேரிடமும் இருந்தது.

அந்த 'இரண்டு'களைக் கொஞ்சம் திறந்து பார்க்கலாம். 1971-இல் அவரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியவர் டென்மார்க்கின் ஓலே ஓல்சன். நியூகாசிலில் மேஜர் கூடவே இருந்து தொழில் கற்றுக்கொண்ட பையன். அடுத்தாளாக, அதாவது உதவியாளாக, இருந்தவர் தனியாகக் கடை போட்டு முதலாளியையே முந்திய கதை. மறுவருடம் வெம்ப்ளியில் கணக்குத் திரும்பியது. ஓல்சன் முதல் ஓட்டத்திலேயே விழுந்தார், பாரி பிரிக்ஸ் விபத்தில் ஒரு விரலை இழந்தார், மேஜரும் ஸ்வீடனின் பெர்ன்ட் பெர்சனும் ஆளுக்கு 13 புள்ளியில் நின்றார்கள். இருவர் மட்டும் ஓடிய தீர்வு ஓட்டத்தில் மேஜர் ஜெயித்தார்.

1973-இல் போலந்தின் ஹோஷுவ் மைதானத்தில் மறுபடி சமநிலை, மறுபடி இருவர் ஓட்டம். எதிரே யெர்சி ஷ்சாகியேல், உள்ளூர்ப் பையன், பெரிய பேரில்லாதவர். நாலு பட்டம் எடுத்தவர் கையில் இந்தப் பையன் சட்னிதான் என்று எல்லாரும் நினைத்திருப்பார்கள். மேஜர் முந்தப் போய், ஷ்சாகியேலின் பின்சக்கரத்தில் பட்டு விழுந்தார். ஷ்சாகியேல் தனியாகச் சுற்றி முடித்து, போலந்தின் முதல் உலக சாம்பியன் ஆனார். மேஜர் அந்த மண்ணிலிருந்து எழுந்து வந்து அடுத்த வருடம் மறுபடி இரண்டாம் இடம் வாங்கினார் பாருங்கள், அதைத்தான் நான் நகரத்தார் என்று எழுதினேன்.

அப்புறம் 1977 கோதன்பர்க், கொட்டுகிற மழை. முந்தைய வருடச் சாம்பியன் பீட்டர் காலின்ஸ் முறிந்த காலோடு ஓட்டி இரண்டாம் இடம், மேஜர் முதல். 1979-இல் அதே ஹோஷுவ் மைதானம், விழுந்த அதே இடம். நாற்பது முடிய ஒரு மாதம்தான் இருந்தது. ஆறாவது பட்டம் அங்கே. இதற்கிடையில், கிலோமீட்டர் நீளச் சுற்றில் ஓடும் லாங் டிராக் பந்தயத்திலும் மூன்று உலகப் பட்டம் எடுத்திருந்தார். அதை எழுதப் போனால் இந்தப் பதில் முடியாது. ஆறு என்ற எண்ணை ஸ்வீடனின் டோனி ரிக்கார்ட்சன் 2005-இல் எட்டினார், போலந்தின் பார்தோஷ் ஸ்மார்ஸ்லிக் 2025-இல் எட்டியிருக்கிறார். மேஜர் 2018-இல் காலமானார். மூர் இரண்டு, பிரிக்ஸ் நாலு, மேஜர் ஆறு. கிறைஸ்ட்சர்ச் என்ற ஒரே ஊர்க் கணக்கில் பன்னிரண்டு உலகப் பட்டம்.

இனி உங்கள் பையன். தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று அப்பச்சி சொல்லியிருக்கிறார், அதனால் உன்னிடமே சொல்கிறேன். நீ பார்க்கிற வீடியோக்களில் வராத இரண்டு பெயர். லீ ரிச்சர்ட்சன், 2012-இல் விரோட்ஸ்வாவ் மைதானத்தில் மோதி இறந்தார். டார்சி வார்ட், 2015-இல் விழுந்தார், சக்கர நாற்காலிக்குப் போனார், இருபத்து மூன்று வயது. முழு உடை, ஹெல்மெட், மணிக்கட்டுக் கயிறு, மைதானத்தில் மருத்துவர் எல்லாம் இருந்தும் நடந்தது இது. உன் கண்மாயில் இருப்பது ஒரு கருவேல மரமும் செல்போன் பிடிக்கிற நண்பனும். தார்ச்சாலையில் ஓட்டுகிற, பிரேக் உள்ள வண்டியில் அந்தச் சறுக்கல் வராது, வந்தால் நிற்காது. டயர், எடை, ஹேண்டில்பார் எல்லாமே வேறு.

கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று ஒன்று இருக்கிறதே, அங்கே போகலாமே என்று கேட்பாய். பெயரில் ஸ்பீட்வே இருக்கிறது, உள்ளே இருப்பது தார் ஓடுதளம். மண்ணில் சறுக்குகிற பந்தயம் அங்கே இல்லை. ஆனாலும் ஆசை நிஜம் என்றால் அங்கேயோ சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டைக்கோ போய், முறையாகச் சொல்லிக்கொடுக்கிறவர்களிடம், பிரேக் பிடிக்க முதலில் கற்றுக்கொள்.

அப்பச்சிக்கு ஒரு வார்த்தை. பையனைத் திட்டுவதற்கு முன் அவனுடைய வண்டிச் செயினைப் போய்ப் பாருங்கள். துடைத்து எண்ணெய் போட்டு, தொய்வு சரியாக இருந்தால் அவனோடு உட்கார்ந்து பேசலாம். புழுதி அப்பிக் கிடந்தால், சாவியை வாங்கி அப்பத்தாவின் முந்தானையில் முடிந்துவிடுங்கள். தை மாதம் நம் பக்கம் பந்தயம் நடக்கும்போது வண்டிகளுக்குப் பின்னால் ஒரு பைக் கூட்டம் கத்திக்கொண்டே வருமே, அதில் அவன் இருந்தால் இறக்கி என்னிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள். கொடி திரும்புகிற இடத்தில் புளியமரத்தடியில் இருப்பேன்.