சுத்த சைவம், ஆனாலும் ஃபேட்டி லிவர்: கேள்வி பதில்

கே: மேடம், நான் சுத்த சைவம், குடிப்பழக்கம் கிடையாது, தொப்பை மட்டும் உண்டு. ஸ்கேனில் கிரேடு 1 ஃபேட்டி லிவர் (கல்லீரலில் லேசாகக் கொழுப்பு) என்கிறார்கள். எப்படி?

சைவம் என்பதற்காகக் கல்லீரல் சலுகை காட்டாது. காலையில் நாலு இட்லி, மதியம் சோற்று மலை, ஓரமாக இரண்டு ஸ்பூன் பொரியல், சாயங்காலம் பஜ்ஜி, நடுநடுவே சர்க்கரை போட்ட காபி... எல்லாம் செடியில் விளைந்ததுதானே! செலவாகாத மாவையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக்கித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். பாதித் தட்டுக்குக் கீரை, காய், கால் தட்டுக்குச் சுண்டலோ பயறோ வைத்துவிட்டு, மிச்ச இடத்தில் சோறு போடுங்கள்.

கே: குடலுக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம் அக்கா?

கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடல் பக்கமிருந்துதான் வருகிறது. நமக்குச் செரிக்காத நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களாக்கும், பெருங்குடல் சுவருக்கு அதுதான் தீனி. நார் குறைந்து சுவர் பலவீனமானால் பாக்டீரியா நச்சுகள் கசிந்து நேரே கல்லீரலுக்குப் போய் அழற்சியைக் கிளப்பும். நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே நாளில் கூட்டினால் வயிறு உப்பும், மெதுவாகக் கூட்டுங்கள்.

கே: பழைய சோறு நல்லதாமே?

ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடும், உண்மைதான். சீனாவில் 200 பேரிடம் நடத்தி 2023இல் வெளியான ஆய்வில், மக்காச்சோளத்திலிருந்து எடுத்த அப்படிப்பட்ட மாவுச்சத்தை நாளுக்கு 40 கிராம் வீதம் 4 மாதம் கொடுத்ததில் கல்லீரல் கொழுப்பு குறைந்தது. அவ்வளவு வேண்டுமென்றால் பழைய சோற்றைச் சட்டி சட்டியாகச் சாப்பிட வேண்டியிருக்கும், அப்புறம் எடை எங்கே குறைய? பிடித்தால் அளவாகச் சாப்பிடுங்கள்.

கே: லிவரைச் சுத்தம் செய்யும் பொடி?

வேண்டாம். சீந்தில், செறிவூட்டிய மஞ்சள் மாத்திரை, கிரீன் டீ சாறு மாத்திரை, இவற்றால் கல்லீரல் கெட்டுப்போனவர்களே உண்டு. குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றிச் சொல்லவில்லை, பயப்படாதீர்கள்.

கே: பழ ஜூஸ்?

பழமாகக் கடித்துச் சாப்பிடுங்கள். வடிகட்டினால் நார் போய்விடும், சர்க்கரைதான் மிச்சம்.

கே: எடை எவ்வளவு குறைய வேண்டும்?

80 கிலோ என்றால் 4 கிலோ குறைந்தாலே கொழுப்பு இறங்க ஆரம்பிக்கும். அழற்சியும் அடங்க 6 முதல் 8 கிலோ. பட்டினி கிடந்து மளமளவென்று இறக்காதீர்கள்.

கே: எஸ்ஜிபிடி (கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை) நார்மல். விட்டுவிடலாமா?

கூடாது தம்பி. அது நார்மலாக இருக்கும்போதே கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கலாம். சர்க்கரை நோயும் இருந்தால் ஃபைப்ரோஸ்கேன் (கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று பார்க்கும் ஸ்கேன்) தேவையா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.