ஓட்டை எண்ணாதீர்கள், பிரதிநிதியை எண்ணுங்கள்

கேள்வி: 2008-இல் நியூ ஜெர்சியில் மகள் வீட்டில் இருந்தேன். அங்கே ஜனநாயகக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் ஹிலாரிதான் ஜெயித்தார். கடைசியில் ஒபாமா வேட்பாளர் ஆனார். இப்படி இழுபறியாகப் போகும் போட்டியில் யார் வருவார் என்று முன்கூட்டியே சொல்ல வழி உண்டா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

உண்டு அம்மா. நீங்கள் அங்கே பார்த்த அதே நாளை, பிப்ரவரி 5-ஐயே எடுத்துக்கொள்வோம். நியூ ஜெர்சியில் பத்து லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள். அங்கே போட்டி 107 பிரதிநிதிகளுக்கு; கட்சி மாநாட்டில் ஓட்டுப் போட்டு வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இவர்கள். ஹிலாரிக்கு 59, ஒபாமாவுக்கு 48. ஹிலாரிக்கு 11 கூடுதல். அன்றே ஐடாஹோவில் கூட்டம் கூடித் தேர்வு செய்தார்கள்; வந்தவர்கள் 20,000 சொச்சம் பேர்தான். 18 பிரதிநிதிகளில் ஒபாமாவுக்கு 15, ஹிலாரிக்கு 3. அங்கே ஒபாமாவுக்கு 12 கூடுதல்! உங்கள் மகள் மாநிலத்தில் கிடைத்த முன்னிலை முழுவதையும் ஒரு சின்ன மாநிலம் விழுங்கிவிட்டது.

ஜனநாயகக் கட்சியில் வாங்கிய ஓட்டு விகிதப்படி பிரதிநிதிகளைப் பிரிப்பார்கள். ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். இருவர் மட்டும் மோதும் தொகுதியில் 4 பிரதிநிதிகள் என்றால், ஒருவர் 55 சதவீதம் வாங்கினாலும் ஆளுக்கு 2 தான். மூன்றாவது கிடைக்க 62.5 சதவீதம் வேண்டும். 3 பிரதிநிதிகள் உள்ள தொகுதியிலோ ஒரே ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் 2-1. இந்தக் கணக்கை ஒபாமா தரப்பு தொகுதி தொகுதியாகப் போட்டு வைத்திருந்தது. பிப்ரவரியில் வரிசையாக ஜெயித்து 100-க்கு மேல் முன்னிலை வந்த பிறகு, விகிதாசார முறையில் அதை எட்டிப் பிடிப்பது மிகக் கடினம். ஜூன் வரை இழுத்தாலும் அந்த இடைவெளி மூடவே இல்லை.

குடியரசுக் கட்சியில் விதியே வேறு. சில மாநிலங்களில் முதலில் வந்தவருக்கே எல்லாப் பிரதிநிதிகளும். 2016-இல் ஃபுளோரிடாவில் டிரம்ப் வாங்கியது பாதிக்கும் குறைவான ஓட்டு. 99 பிரதிநிதிகளும் அவருக்கே. ஆகவே முதலில் விதியைப் படியுங்கள், அப்புறம் கருத்துக்கணிப்பைப் பாருங்கள்.

கேள்வி: கருத்துக்கணிப்பை நம்பலாமா, கூடாதா?
– ஒரு வாசகர், பாபநாசம்

நான் வேளாண்மைத் துறையில் இருந்தபோது தை மாதம் முழுக்கப் பயிர் அறுவடைப் பரிசோதனைதான் வேலை. ஊரில் குலுக்கல் முறையில் ஒரு வயலைத் தேர்ந்தெடுத்து, ஐந்துக்கு ஐந்து மீட்டரில் நான்கு முளை அடித்து, கயிறு கட்டி, உள்ளே இருப்பதை மட்டும் அறுப்போம். தார்ப்பாயில் அடித்து, தூற்றி, எடை போடுவோம். அந்தச் சின்னச் சதுரம் ஊரின் விளைச்சலைச் சொல்லிவிடும். ஆனால் கதிர் முற்றியிருக்க வேண்டும். பால் பிடிக்கும் பருவத்தில் அறுத்து எடை போட்டால் யாருக்கு என்ன பயன்?

2008 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயரில் ஒபாமா சுமார் 8 புள்ளி முன்னிலை என்றார்கள். ஹிலாரி சுமார் 3 புள்ளியில் ஜெயித்தார். கடைசி இரண்டு நாளில் மனம் முடிவு செய்தவர்கள் அங்கே நிறைய. 2016-இல் மிச்சிகனில் ஹிலாரிக்கு 20 புள்ளி முன்னிலை என்றது கணிப்பு, ஜெயித்தது அவரை எதிர்த்து நின்ற சாண்டர்ஸ். உட்கட்சித் தேர்தலில் ஒரே கட்சிக்காரர்கள் மோதுவதால் ஓட்டு இடம் மாறுவது சுலபம். நம்புங்கள், ஆனால் எந்தத் தேதியில் எடுத்தது என்று பார்த்துவிட்டு நம்புங்கள்.

கேள்வி: எங்கள் துளசேந்திரபுரத்து வழி வந்த கமலா ஹாரிஸ் 2020 போட்டியில் ஏன் பாதியில் விலகினார்?
– ஒரு வாசகர், திருவாரூர்

பாதியில்கூட இல்லை ஐயா. முதல் ஓட்டு விழுவதற்கு இரண்டு மாதம் முன்பே, 2019 டிசம்பரில் விலகிவிட்டார். பிரசாரத்துக்குப் பணம் போதவில்லை என்று அவரே சொன்னார். எனக்கும் அன்று வருத்தம்தான். அவர் தாத்தா பிறந்த ஊர் நம் பக்கம் அல்லவா? அதே போட்டியில் பைடனைப் பாருங்கள்: அயோவாவில் நான்காம் இடம், நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாம் இடம். பிப்ரவரி 29-இல் சவுத் கரோலினா கைகொடுத்தது. உடனே இரண்டு போட்டியாளர்கள் விலகி அவருக்கு ஆதரவு தந்தார்கள். மார்ச் 3-இல் 14 மாநிலங்களில் 10 அவருக்கு. ஆகஸ்டில் அவர் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்தது கமலாவைத்தான்.