குளிர் நாட்டில் கார் ஸ்டார்ட் ஆவதற்கு எந்த எஞ்சின் ஹீட்டர் வாங்கலாம்?

கனடாவின் வின்னிபெக்குக்குப் புதிதாக வந்து, பழைய பெட்ரோல் கார் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். கிளம்பும் முன் எஞ்சினைச் சூடாக்கி வைக்கும் ஹீட்டர்களில் எதை வாங்குவது என்று குழப்பமாக இருக்கிறது என்கிறீர்கள். இதே ஊரில் ஒன்பது குளிர்காலம் கார் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

கடைக்குப் போவதற்கு முன் காரின் முன்பக்கக் கிரில்லுக்குள் குனிந்து பாருங்கள். மூன்று முனைப் பிளக் ஒன்று தொங்கினால் ஹீட்டர் ஏற்கெனவே இருக்கிறது. இந்தப் பக்கத்துக் கார்களில் இது சகஜம். ஆனால் இருப்பது வேறு, வேலை செய்வது வேறு. என் முதல் ஜனவரியில், மைனஸ் 33 டிகிரி, இரவு முழுக்க பிளக்கில் போட்டிருந்தேன். காலையில் சாவியைத் திருப்பினால் 'உர்ர்... உர்ர்' என்று முனகிவிட்டு அடங்கிவிட்டது. ஹீட்டர் நன்றாகவே இருந்தது, அதற்குப் போகும் வயர் உள்ளே அறுந்திருந்தது. அந்த வயரை மட்டும் மாற்றியதோடு சரியாகிவிட்டது. அதனால் மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, பிளக்கின் இரண்டு தட்டை முனைகளுக்கு நடுவே அளந்து பாருங்கள். 400 வாட் ஹீட்டர் என்றால் 36 ஓம் பக்கம் காட்டும். ஒன்றுமே காட்டவில்லையென்றால் வயரை முதலில் சந்தேகப்படுங்கள்.

ஹீட்டரே இல்லையென்றால், உங்கள் எஞ்சினுக்கென்றே வரும் பிளாக் ஹீட்டரை வாங்குங்கள். எஞ்சினின் உடல் பகுதியான பிளாக்கில், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஓடும் வழியின் துளைகளை மூடியிருக்கும் ஃப்ராஸ்ட் பிளக் என்ற வட்ட மூடி ஒன்றைக் கழற்றிவிட்டு அந்தத் துளையில் பொருத்துவார்கள். கூலன்ட்டுக்குள்ளேயே மூழ்கி நிற்பதால் சூடு நேராகப் பிளாக்குக்குப் போகும். கடுங்குளிரில் ஆயில் தேன் மாதிரிக் கெட்டியாகிவிடும், பேட்டரியின் பலமும் பாதியாகிவிடும். சூடான பிளாக் இருந்தால் அந்தப் பாதி பலமே போதும். கூலன்ட்டை வடித்துத்தான் மாட்ட வேண்டும் என்பதால், கூலன்ட் மாற்றும் சமயத்திலேயே மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டால் கூலி மிச்சம்.

இந்தப் பொருளே இந்தக் குளிரில் பிறந்ததுதான். நமக்குத் தெற்கே, அமெரிக்க எல்லை தாண்டினால் வரும் கிராண்ட் ஃபோர்க்ஸைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார்.

ஃப்ராஸ்ட் பிளக்குக்குக் கையே எட்டாத எஞ்சின் என்றால், எஞ்சினுக்குக் கீழே ஆயில் தேங்கும் தட்டான ஆயில் பேனின் அடியில் ஒட்டும் சிலிக்கோன் பட்டை ஹீட்டர் நல்ல மாற்று. ஒட்டும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது. காந்த ஹீட்டர் மலிவுதான், ஆனால் இன்றைய ஆயில் பேன்கள் பல அலுமினியம், காந்தம் ஒட்டாது. ஆயில் அளவு பார்க்கும் கம்பிக்குப் பதிலாகச் செருகும் டிப்ஸ்டிக் ஹீட்டரை விட்டுவிடுங்கள், அந்தச் சின்னக் கம்பியால் இந்தக் குளிருக்கு ஒன்றும் ஆகாது. காரை நிறுத்தும் இடத்தில் கரண்ட்டே இல்லையென்றால் வெபாஸ்டோ, எபர்ஸ்பேக்கர் போன்ற கம்பெனிகளின் ஹீட்டர்கள் உண்டு. காரின் எரிபொருளையே எரித்துச் சூடாக்கும். விலை அதிகம்.

அப்புறம், டைமர் ஒன்று கட்டாயம் வாங்குங்கள். கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பு ஓடினால் போதும். 400 வாட்டுக்கு 1.2 யூனிட்தான் ஆகும், இரவு முழுக்க 12 மணி நேரம் விட்டால் 4.8 யூனிட். அபார்ட்மெண்ட் பார்க்கிங் என்றால், கம்பத்தில் கரண்ட் விட்டுவிட்டு வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியானால் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே போட வேண்டியிருக்கும். எக்ஸ்டென்ஷன் வயரில் மட்டும் காசு பார்க்காதீர்கள். வீட்டுக்குள் பயன்படுத்தும் வயர் இந்தக் குளிரில் குச்சி மாதிரி விறைத்து, மடக்கினால் உறை வெடித்துவிடும். வெளி உபயோகத்துக்கான, குளிரிலும் வளையும் 14 கேஜ் வயர் கேளுங்கள்.

மாட்டியதும் பிளக்கைச் செருகிவிட்டு, பானெட்டைத் திறந்து காது கொடுத்துக் கேளுங்கள். கொஞ்ச நேரத்தில் அடுப்பில் வைத்த தண்ணீர் சூடேறும்போது வருவது போல மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம் கேட்கும். அது கேட்டால் வேலை செய்கிறது.